கால் எட்டாத வண்டி

ஷேக் அலாவுதீன் கைலியை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை காலைத் தூக்கினார். எட்டவில்லை.

கதவைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். முழங்கால்தான் 'ளொடக்' என்றது.

"இது வண்டியா, ஒட்டகமா?" என்று டயரை ஓர் உதை விட்டார். இடுப்பு உயர டயர். வலித்தது என்னவோ அவர் காலுக்குத்தான். நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.

வாசலில் நின்ற மருமகன் ஜாஹிருக்குப் பொறுக்கவில்லை. சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு மாமனாரோடு சேர்ந்து போகலாமென்று டத்தோ கிராமாட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்தால், வந்த இடத்தில் இந்தக் கூத்து.

எல்லாம் மச்சினன் ஹஸ்ருல் செய்த வேலை. நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கு அரிசி போடுகிற பிக்கப் அது. நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் லிஃப்ட் கிட் கொடுத்து உசத்தி, காட்டுக்குள் போகிற வண்டிக்கான டயர்களை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"ஏன் தம்பி, எந்தக் காட்டுக்குப் போற?"

"எங்கயும் இல்ல மச்சான்."

"பின்ன? டத்தோ கிராமாட்லேருந்து சூலியா தெருவுக்குப் போறோம். நடுவுல ஆறு எதும் ஓடுதா?"

ஹஸ்ருல் சக்கர ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அரிசி மூட்டைய எப்பிடி ஏத்துவ? ஏணி வெச்சா? கொம்தார் கட்டடத்துப் பார்க்கிங்குள்ள விட்டா கூரையப் பேத்துக்கிட்டு வரும்லா."

"பழகிக்கணும்."

"தல நரைச்சப்புறம் பொம்ம வண்டி கேக்குது ஒனக்கு. சின்னதுல வாங்கிக் குடுக்காம விட்டது மாமா தப்புதான்."

பேசப் பேச ஜாஹிருக்குச் சூடு ஏறியது. இதே பிக்கப்பை ஓட்டித்தான் மாமனார் இந்தத் தொழிலையே உண்டாக்கினார். தொழிலை மகனிடம் கொடுத்த பிறகும், காலையில் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய் ஒரு டீ குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். இனி மருமகள் ஹன்னாவின் குட்டிக் காரில், காலை மடக்கி உட்கார்ந்து போகவேண்டும். பெற்ற மகனே இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டானே.

"ஏறி எறங்க ஒரு படியாச்சும் வெச்சிருக்கலாம்ல?"

"வேணாம் மச்சான்."

"என்ன வேணாம்? நான் பேசுறேன் சின்னையாகிட்ட."

டயர் மாட்டிக்கொடுத்த வொர்க்‌ஷாப்காரர் சின்னையாவை அங்கேயே போனில் பிடித்தார். மச்சினனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"படியாண்ணே?" என்றார் சின்னையா. "அந்த வண்டிக்குப் படி இருந்துச்சே. தம்பிதான் கழட்டச் சொன்னிச்சு. இவ்ளோ உசத்திட்டு படியும் இல்லாட்டி வயசானவங்க ஏற முடியாது தம்பின்னேன். தெரியும், கழட்டுங்கன்னிச்சு."

ஜாஹிர் போனை அணைத்தார்.

"தெரிஞ்சேதான் செஞ்சிருக்க," என்றார். "வண்டியோட ஏன் நிறுத்திட்ட? வீட்டு வாசப்படியையும் உசத்திடு. பெத்த அத்தா வீட்டுக்குள்ளயும் வராம தொலஞ்சிருவாரு."

ஹஸ்ருல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு ஜாஹிரின் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"மெல்லப் பேசுங்க மச்சான். போன மாசம் அத்தா ஸ்கூல் முன்னால செவப்பு வெளக்குல நிக்கல. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அந்தப் பொம்பள மட்டும் புள்ளைய வெடுக்குனு இழுத்துக்கலைன்னா..." அவன் முடிக்கவில்லை. "கேட்டா, பச்சைதான் எரிஞ்சிச்சுங்கறாரு. கண் டாக்டர் இனிமே ஸ்டீரிங்கத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

"அதுக்கு... சாவிய வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே."

"வெச்சேனே. எனக்குக் கண்ணு போச்சுன்னு சொல்ல நீ யாருடான்னாரு. சோத்துல கை வெக்காம செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாரு. பார்க்க முடியல மச்சான். திருப்பிக் குடுத்துட்டேன்."

ஹஸ்ருல் கையிலிருந்த துணியை உதறினான்.

"அவரால ஓட்ட முடியலன்னு இருக்க வேணாம். வண்டிதான் சரியில்லன்னு இருந்துட்டுப் போகட்டும்."

ஜாஹிர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஷேக் அலாவுதீன் வெளியே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, தூக்கலாக அத்தர் வாசனை. பின்னாலேயே வந்த ஹன்னா தன் குட்டிக் காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

காருக்குள் குனிவதற்கு முன்னால் பெரியவர் நின்று பிக்கப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்புள, ஒங்க மச்சினன் பண்ண வேலைய. இந்தப் பய வண்டியக் கெடுக்காம இருந்தா நான் இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன்."

ஹஸ்ருல் தலை நிமிராமல் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அத ஏன் மாமா கேக்குறீங்க," என்றார் ஜாஹிர், தெருவுக்கே கேட்கும்படி. "ஒங்கள மாதிரி ஓட்டத் தெரிஞ்சவன் இப்பிடிச் செய்வானா? மூளை கெட்டவன்."