மணி அடிக்காத கூட்டம்

ஒரு குட்டித் தீவு நாட்டின் நாடாளுமன்றத்தில் ஒரு பித்தளை மணி இருந்தது. பாதி உறுப்பினர்களாவது உள்ளே வந்து உட்காரும் வரை அடித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. உறுப்பினர்களோ அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து கேன்டீனுக்குப் போய் டீ சொல்வார்கள்.

அன்று கடல் தடுப்புச் சுவர் மசோதா வர வேண்டிய நாள். அலை ஏற்கெனவே வாசற்படியை நனைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா அடிங்கக்கா. தண்ணி உள்ளே வந்தா முதல்ல ஊறப்போறது என் கால்தான்," என்றது சபாநாயகரின் நாற்காலி.

"காலையிலிருந்து அடிக்கிறேன் தம்பி. வடை வெந்தாச்சுன்னு சொல்றேன்னு நினைச்சுக்கிறாங்க போல," என்ற மணி, அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டது.

கேன்டீனில் எல்லோருக்கும் திக்கென்றது.

"மணி ஏன் நின்னுடுச்சு? அவையைக் கலைச்சுட்டாங்களா?"

டம்ளர்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஓர் இடம்கூடக் காலியில்லை. இத்தனை முகங்களை மணி ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களாக்கா! இன்னைக்குச் சுவர் வந்துடும்," என்று நாற்காலி குதூகலித்தது.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "மணி அடிக்காதபோது கூடிய அவை செல்லாது. விதி இருக்கிறது."

எல்லோரும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். வேறு வழியில்லாமல் மணி மறுபடி அடித்தது. சத்தம் காதில் விழுந்ததுமே, பழக்கம் மாறாமல், அத்தனை பேரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

"அக்கா, தண்ணி ஜில்லுன்னு இருக்கு," என்றது நாற்காலி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.