நாலு பேருக்கான இசை

வில்லை நரம்பின்மேல் வைத்துவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

எதிரே கால்களுக்கிடையே செல்லோவுடன் அப்பா. அவருக்கு இரண்டு பக்கமும் வயலினோடு ஜெசிந்தா அக்காவும் தம்பி லூர்துவும். அவன் தோளில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா.

நடுவே பெட்டியில் அம்மா.

கோயிலுக்கு எடுத்துப்போக வண்டி வந்தாயிற்று. தெருவே வாசலில் திரண்டு நின்றது.

எடுப்பதற்கு முன் நாலு பேரும் ஒருதரம் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அக்காவிடம் அம்மா கேட்டது அது ஒன்றுதான். எதை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

வியன்னாவின் இசைமேதை ஷூபர்ட் பதினாறு வயதில், தன் வீட்டில் வாசிக்கவென்று எழுதியது. அண்ணன்கள் வயலின். அவர் வியோலா. அப்பா செல்லோ. அந்த அப்பாவுக்குக் கை அவ்வளவு வராது. அதனால் செல்லோவுக்கு மட்டும் எளிதாக எழுதினார் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பெரம்பூரில் இந்த வீட்டிலும் அதுதான். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். மெதுவான பகுதி வந்தால் மட்டும் கத்தி நிற்கும்.

அதெல்லாம் அவன் அப்பாவை ஸ்டுடியோவிலிருந்து அனுப்பும்வரை.

சினிமாவுக்கு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தத் தொடங்கியிருந்தான். பின்வரிசையில் அப்பா. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விரல் தடுமாறியது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"சார், நீங்க வீட்டுக்குப் போங்க."

போகச் சொன்னதைக்கூட அப்பா பொறுத்திருப்பார். அந்த 'சாரை' அல்ல.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. அவருக்குப் பிரஷர் என்பதும், இவனுக்குப் பெண் பிறந்தது என்பதும் அம்மாவின் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன.

நாலு பேர் சேர்ந்து தொடங்க, ஒருவர் மூச்சை இழுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்க்க வேண்டும். இந்த வீட்டில் அந்த மூச்சு எப்போதும் அப்பாவுடையது.

அவன் நிமிர்ந்தான்.

சவரம் செய்யாத முகம். தூக்கமில்லாமல் சிவந்த கண். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"நீ எடுத்துக் குடுப்பா."

அவன் மூச்சை இழுத்தான்.

நாலு வில்லும் ஒன்றாக இறங்கின.

மெதுவான பகுதி. பாதிவரை நன்றாகத்தான் போனது. பிறகு அப்பாவின் விரல் வழுக்கியது. செல்லோ பின்தங்கியது. அவர் நெற்றி சுருங்கியது.

அவன் தன் ஸ்வரத்தை விடாமல் நீட்டினான்.

அக்கா அவனைப் பார்த்தாள். அவளும் நீட்டினாள். லூர்துவும்.

மூன்று பேரும் அந்த ஒரே இடத்தில் நின்றார்கள். அப்பா தட்டித் தடவி வந்துகொண்டிருந்தார்.

வந்து சேர்ந்தார்.

வாசலில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயுள் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கடைசி ஸ்வரம் அடங்கியது. மூக்கை உறிஞ்சும் சத்தங்கள். பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

அப்பா எழப் பார்த்தார். முடியவில்லை. அவன் வியோலாவை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் கையை நீட்டினான்.

முதலில் வில்லைக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, செல்லோவையும்.

கை இரண்டும் காலியான பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.