வெள்ளிக்கிழமைப் பொட்டு

எங்கள் சுங்குடிச் சேலைக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டில். அதை ஓட்டிய கனகலட்சுமி அக்கா, வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஒருநாள் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி புகைந்து கருகியது. குங்குமத் தூள் உள்ளே போய்த்தான் கெட்டதென்று முதலாளி ஹரிராம் எல்லார் முன்னாலும் கத்தி, அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்த மாதமே காமாலை கண்டு அக்கா இறந்துபோனார்.

மெட்ராஸிலிருந்து புது பவர் சப்ளை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மெக்கானிக் வெள்ளைத்துரை முதலில் பழையதைக் கழற்றித் திறந்தான். உள்ளே ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது.

"இதுதாண்ணே ஷார்ட் ஆக்கிருக்கு. குங்குமம் துளிகூட உள்ள போகல."



புதியதை மாட்டினான். ஓடவில்லை. கரண்ட் இருந்தது, ஒயர்களும் சரியாக இருந்தன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, யாரும் திறந்திராத அந்தப் புதுப் பெட்டியைத் திறந்தான். உள்ளிருந்த சின்ன விசிறியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஈரம் காயலண்ணே. துடைச்சிரவா?"

"வேணாம்ப்பா."

அக்கா உட்காரும் நாற்காலியைப் பார்த்து, அக்காவுக்கும் தனக்கும் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் முதலாளி மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா."

வெள்ளைத்துரை மூடியை மாட்டி சுவிட்சைப் போட்டான். ஓடியது.