பதினேழாவது பூத்

மூன்று தேர்தலில் ஜெயித்த எம்.பி.க்குப் பதினேழாவது பூத் மட்டும் தொண்டையில் சிக்கிய முள். தொகுதியே அள்ளிக் கொடுத்தபோதும் அந்த ஒரு பூத் அவருக்குக் கையை விரித்துவிடும். இந்த முறையோ அங்கே வீட்டுக்கு வீடு அவர் படம் ஒட்டியிருந்தது.

அதுதான் அவருக்கு உதைத்தது.

"நடிக்கிறானுங்க மாப்ளே," என்றார், தேர்தல் வேலை பார்க்கும் மைத்துனனிடம். "மூணு தடவை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டவங்க இப்ப திடீர்னு பல்லைக் காட்டினா என்ன அர்த்தம்? நம்மாளு எவனோ விலைபோயிட்டான்."

"நாலு நாளா வீடு வீடா விசாரிச்சேன் மாமா. மொத்த ஓட்டும் உங்களுக்குத்தான்."

"சொன்னா நம்பிடுவியா? சொன்னபடி போடுற ஆளுங்கதானான்னு பழைய முடிவுகளை எடுத்துப் பாரு."

"பார்த்துட்டேன்." கடந்த பத்துத் தேர்தல்களின் முடிவுகளை மைத்துனன் மேஜையில் பரப்பினான். பதினேழாவது பூத்துக்கு மட்டும் சிவப்புக் கோடு. இவன் முகம் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று எம்.பி.க்கு அவன்மேலேயே சந்தேகம் வந்தது.

"சொன்ன சொல் மாறினதே இல்ல மாமா. ஒவ்வொரு தடவையும் மொத்தமா ஒருத்தருக்குத்தான் போட்டிருக்காங்க."

எம்.பி. நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "அப்புறம் என்னடா?"

"பத்துத் தடவையும் அவங்க போட்ட ஆளு தோத்துட்டாரு."

எம்.பி. சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக விரல்வைத்து எண்ணினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"மாப்ளே... நடிக்கிறானுங்கதானே?"