பஞ்சாரத்துச் சேவல்

அன்று வாசலில் நின்றவர்கள் சங்கிலிமுத்து, அவர் மருமகள் யோகலட்சுமி, பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி, கோழிகளுக்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை ஆய்வாளர் ரோஷினி. தொட்டிலில் குழந்தை. பின்னறை இருட்டில் சங்கிலிமுத்துவின் மகன் அருள்பாண்டி.

வேறு யாரும் இல்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

பஞ்சாரக் கூடையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள் ரோஷினி.

உள்ளே சண்டைச் சேவல். எதிரே நின்ற சேவல்களையெல்லாம் கிழித்துப் போட்ட சேவல். இப்போது இறக்கைகளை விரித்துத் தரையோடு படிந்து கிடந்தது. அதன் நெஞ்சுக்கு அடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாய்த் தலை நீட்டின.

"என்ன மச்சான், ஒம்ம சேவலு பிள்ளை பெத்துருச்சு போல. குலவை போடச் சொல்லவா?" என்றார் ஆண்டிச்சாமி.

சங்கிலிமுத்து குஞ்சுகளை எண்ணினார்.

தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன மறுநாள், இதே சேவல் ஒரு குஞ்சின் மண்டையைக் கொத்திப் பிளந்தது. ஆனால் தாயில்லாக் குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். அவர் மிச்சக் குஞ்சுகளையும் சேவலையும் ஒரே பஞ்சாரத்தில் அடைத்தார். மேலே சாக்கைப் போட்டு மூடினார். இருட்டில் சேவல் கொத்தாது.

விடிந்து பார்த்தபோது இப்படிக் கிடந்தது.

"குஞ்சு வயித்துல ஒட்டிக்கிட்டே கெடந்தா, மூளையில ஒரு சுரப்பு ஊறும்ங்கய்யா. அது ஊற ஊற சண்டைக்குணம் எறங்கிரும்" என்றாள் ரோஷினி. "சேவலுக்கு மட்டும் இல்ல. பிள்ளையத் தூக்குற ஆம்பளைக்கும் அப்படித்தான்."

"தூக்காதவனுக்கு?"

"தொடாம ஊறாதுங்கய்யா."

சங்கிலிமுத்து பின்னறையைப் பார்த்தார்.

பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். பொறி பறக்காமலிருக்க அதைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அந்த அறை வெடித்தபோது உள்ளே இருந்தவர்களில் அருள்பாண்டி மட்டும் உயிரோடு வெளியே வந்தான். அன்று தகட்டைத் தொட்டோமா இல்லையா என்பது அவனுக்கு நினைவில்லை.

அதிலிருந்து அவன் எதையும் தொடுவதில்லை. யோகலட்சுமிதான் ஊட்டிவிட்டாள். பாயில் மல்லாந்து கிடந்தாலும் முழங்கையை ஊன்றி இரண்டு கைகளையும் மேலே தூக்கியே வைத்திருந்தான். தூங்கும்போதும் அவை அந்தரத்தில் அப்படியே நின்றன.

குழந்தை பிறந்ததும் யோகலட்சுமி அதை அவனருகே கொண்டுபோனாள். சுவரோடு ஒண்டிக்கொண்டு கத்தினான்.

"கொண்டு போயிரு. என் கையில இன்னும் மருந்து இருக்கு."

ஊர் சிரித்தது. அது யார் பிள்ளை என்றுகூட ஒரு வாய் கேட்டது. யோகலட்சுமியின் அண்ணன்கள் அவளையும் பிள்ளையையும் காரியாபட்டிக்குக் கூட்டிப் போக ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பெட்டியோடு இறங்கிப் போனதில்லை.

சங்கிலிமுத்து தொட்டிலருகே போனார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது அந்தக் குடும்பத்து ஆண்களின் வழக்கமல்ல. அருள்பாண்டியையே அவர் தூக்கியதில்லை. பேரப்பிள்ளையை, எடை பார்க்கிற பொட்டலம் போல இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தினார். சுற்றியிருந்த துணியை உருவிப் போட்டார்.

அறைக்குள் போய், கருகிப் புதுத்தோல் ஏறியிருந்த மகனின் வெற்று மார்பில் அதைக் கவிழ்த்துப் போட்டார். அருள்பாண்டியின் கைகள் இன்னும் உயரப் போயின. அவன் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

உள்ளே குழந்தை வீறிட்டது.

"தொறங்க மாமா!" யோகலட்சுமி ஓடிவந்தாள். "சேவலு அந்தக் குஞ்சக் கொத்திக் கொன்னதப் பாத்தீகள்ல? தொறங்க!"

அவர் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் அசையாமல் நின்றார். வேலைக்காலத்தில் பட்டாசு ஆலையில் போர்மேனாக நின்ற அதே விறைப்பு.

அழுகை ஏறியது. ஏறிய இடத்தில் சட்டென்று அறுந்தது.

ஆண்டிச்சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை. ரோஷினி மருந்துக்குப்பியைக் கீழே வைத்தாள். "ஐயா, நான் சேவலத்தாங்க சொன்னேன்" என்றாள் மெல்ல.



அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளேயே உருளும் அடங்கிய சத்தம். குஞ்சுகளை இரைக்குக் கூப்பிடும்போது கோழி எழுப்புவது. எல்லோரும் பஞ்சாரத்தைப் பார்த்தார்கள்.

சேவல் வாய் மூடியிருந்தது. அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் அறைக்குள்ளிருந்து மறுபடி வந்தது. இந்த முறை சேவல் அதற்குப் பதில் கொடுத்தது.

சங்கிலிமுத்து கதவை இழுத்துத் திறந்தார்.

அருள்பாண்டி பாயில் குந்தியிருந்தான். முதுகு வளைந்திருந்தது. முழங்கைகள் இரு பக்கமும் விரிந்து தரையைத் தொட்டன. வெளிச்சம் பட்டதும் கழுத்தை ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் தகப்பனைப் பார்த்தான். இன்னும் ஒரு அடி எடுத்து வைக்க அவருக்கே துணிச்சல் வரவில்லை.

மகனின் நெஞ்சுக்கு அடியில் குழந்தையின் ஒரு பாதம் தெரிந்தது. அது மெதுவாக உதைத்தது. அதன் மேல் அவனுடைய இரண்டு கைகளும் இருந்தன.

பித்துப் பிடித்த மகனையும் பச்சைப் பிள்ளையையும் சங்கிலிமுத்து ஒரே அறையில் போட்டுப் பூட்டினார் என்று திருத்தங்கல் வரை பேசுகிறார்கள்.

பூட்டவில்லை. அந்தக் கதவில் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. வெடித்தால் உள்ளே இருப்பவன் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், அதனால் மருந்து இருக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் வைக்கக் கூடாது என்பது தொழில் விதி. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றே சங்கிலிமுத்து அதைத் திருகிக் கழற்றி வெளியே எறிந்துவிட்டார்.

தன் அறையும் மருந்தறையாவதை அருள்பாண்டி பாயில் கிடந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.