சாப்பிட்ட வீடு

அந்த வருஷம் தீபத்துக்கு முன்பே திருவண்ணாமலையில் காலரா வந்துவிட்டது. குளத்து மண்டபத்தில் சுருண்டு கிடந்த ஜோதியம்மாளை வார்டில் சேர்த்திருந்தார்கள். தடுப்பூசி மருந்து கம்மி. நோயாளியோடு சேர்ந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் முதலில் போட வேண்டும் என்று உத்தரவு. ஹெல்த் இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் விசாரிக்க வந்தார்.

“இந்த வாரம் யார் வீட்லம்மா சாப்பிட்டே?”

“வேங்கிக்கால்ல எம் பொண்ணு ரேணுகாம்பா வீட்லதாங்க. தெனம் ரெண்டு வேளை.”

மகள் இருந்தும் மண்டபத்தில் ஏன் படுக்கிறாள் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. சைக்கிளில் கிளம்பினார்.

வேங்கிக்காலில் மருமகன் பரசுராமன் கதவைத் திறந்தான்.

“அந்தம்மா கோவிச்சுக்கினு போயி மூணு வருஷம் ஆவுது சார். இந்தப் பக்கமே வர்றதில்ல.”

ரேணுகாம்பாள் பிள்ளைகளை அழைத்துவந்து நிறுத்தினாள். எதற்கும் இருக்கட்டும் என்று கோதண்டராமன் எல்லோருக்கும் ஊசி போட்டார்.

சாயங்காலம் வார்டுக்குத் திரும்பியபோதும் கோபம் தணியவில்லை.

“ஏம்மா பொய் சொன்னே?”

“சாப்பிட்டேன்னு சொன்னாத்தானே அவங்களுக்கு ஊசி போடுவீங்க? போட்டாச்சுங்களா?”

“போட்டாச்சு. மக, மருமகன், பையன், ரெண்டு வயசுப் பொண்ணு, நாலு பேருக்கும்.”

ஜோதியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“பொண்ணு பொறந்திருக்குதா?” என்றாள். “யார் ஜாடைங்க?”

அவர் குழந்தையின் கையைத்தான் பார்த்திருந்தார். எவ்வளவு யோசித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை.

“உங்க ஜாடைதாம்மா,” என்றார் கோதண்டராமன்.