உச்சிக்கொடைக்கு முன்னால்

"வாத்தியாரு எங்க?"

வாசலில் நின்ற சங்கிலிபூதத்தான் கையில் அரிவாள் இருந்தது. இடுப்பில் சிவப்புப் பட்டு, உடம்பெல்லாம் திருநீறு, முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. சுடலைமாடன் கோயில் பூசாரி அவர். பின்னால் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள்.

ஜுலைகா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். "ஜும்மாவுக்குப் பத்தமடைக்குப் போயிருக்காவ" என்றாள்.

"எப்பம் வருவாரு?"

"தொழுகை முடிஞ்சு, ரெண்டு மணி பஸ்சுக்கு."

பூசாரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "அம்புட்டு நேரம் தாங்காது. மத்தியானம் உச்சிக்கொடைப் பூசைக்கு முன்னால அவரு இங்கன வந்தாவணும். ஏலே பெருமாள்ராஜ், பைக்க எடுத்துட்டுப் போயி பள்ளிவாசல் முன்னாடியே நில்லு. வெளிய வந்ததும் கையோட கூட்டிட்டு வந்துரு."

அவளிடம் ஏதோ சொல்ல அவர் வாயெடுத்தார். ஜுலைகா கேட்க நிற்கவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மூன்றாவது தடவைதான் விழுந்தது.

எல்லாம் போன வெள்ளிக்கிழமை அவள் செய்த காரியம். அன்று கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டு. எதிர்வீட்டுச் சுடலைவடிவு, பூசாரியின் மனைவி, ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாமிக்குப் படைச்சதாக்கா?" என்று கேட்டாள் ஜுலைகா. ஆமாம் என்றதும், "அப்பம் எங்களுக்கு ஆகாதுக்கா, தப்பா நெனைக்காதிய" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சுடலைவடிவின் முகம் சுண்டிப்போனது. தட்டோடு திரும்பிப் போனாள். அதற்கப்புறம் கறிவேப்பிலை கேட்டுக்கூட இந்தப் பக்கம் வரவில்லை. தெருப் பெண்கள் குழாயடியில் கூடிக் கூடிப் பேசினார்கள். ஜுலைகா குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும்.

அவள் புருஷன் மசூது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இதற்கு முன் இருந்த ஊரில், யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்ட ஒரு பொய்க்காக ரெண்டே நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ என்னால முடியாது ஜுலைகா" என்று அவன் அழுதது இன்னும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது ஒரு வாய்ப் பொங்கலால் அவளே வினையை இழுத்து வீட்டுக்குள் விட்டுவிட்டாளே!

போன் போட்டாள். பள்ளிவாசலுக்குள் அணைத்து வைத்திருப்பான். நாலு தடவையும் போகவில்லை. போலீசைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அப்புறம் இந்தத் தெருவில் யார் முகத்தில் விழிப்பது?

ஜன்னலை விரல் அளவு திறந்து பார்த்தாள். வேப்பமரத்தடியில், ஆற்றில் குளிப்பாட்டிய கிடாக்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் கழுத்தில் செவ்வந்தி மாலை, நெற்றியில் மஞ்சள். அவள் வீட்டு வேலிக்கல்லில் கட்டியிருந்த கறுப்புக் கிடாவுக்கு மட்டும் மாலையும் இல்லை, மஞ்சளும் இல்லை. அதன் பக்கத்தில் ஒருவன் குத்தவைத்து, ஒரு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கல்லில் கத்தி உரசும் சத்தம் அவள் பல்லைக் கூசவைத்தது.

காலையிலிருந்து ஊரை அதிரவைத்த மேளம் சட்டென்று நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டிய?" என்று யாரோ கேட்டார்கள்.

"பூசாரி உத்தரவு. வாத்தியாரு சோலி முடிஞ்ச பொறவுதான் கொடையாம்."

ஜுலைகா பீரோவைத் திறந்து, சர்ட்டிபிகேட்டுகளையும் ரெண்டு வளையலையும் பைக்குள் அள்ளிப் போட்டாள். "யா அல்லா, அவங்கள மட்டும் காப்பாத்திரு" என்று உதடு தானாக முணுமுணுத்தது.

பைக் சத்தம் கேட்டது. பெருமாள்ராஜுக்கும் இன்னொருவனுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மசூது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றக்கூட நேரம் விடவில்லை போலிருக்கிறது. முகம் வெளிறிக் கிடந்தது. அவன் இறங்கியதும் கூட்டம் சுற்றி வளைத்துக்கொண்டது.

சங்கிலிபூதத்தான் அரிவாளைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, தீட்டிய கத்தியைக் கையில் வாங்கினார். நுனியை விரலால் தடவிப் பார்த்தார். மசூதை நோக்கி நடந்தார்.

அதற்கு மேல் ஜுலைகாவால் உள்ளே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடி, ரெண்டு பேருக்கும் நடுவில் போய் விழுந்தாள்.

"அவங்கள ஒண்ணும் செஞ்சிராதிய! பொங்கல வேண்டாம்னது நான்தான். நாங்க இப்பமே ஊர விட்டுப் போயிருதோம்!"

பூசாரி அவளையும் மசூதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைய கத்தியைத் திருப்பி, பிடியை மசூது பக்கம் நீட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுடலைவடிவு வந்தாள். இடுப்பில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுச் சட்டி. இன்னொரு கையில் அந்தக் கறுப்புக் கிடாவின் கயிறு.

"எங்க போவப்போற தங்கச்சி? இத நாங்க சாமிக்குக் காட்டவே இல்ல, கொடை தொடங்குறதுக்கு முன்னாலயே வாத்தியாரே ஒங்க வழக்கப்படி அறுக்கட்டும். இன்னைக்காவது எங்ககூட ஒக்காந்து சாப்பிடு."